அத்தியாயம் 7: கிருமிநாசினி எப்போது கொல்லும், எப்போது கொல்லாது

திருப்பாச்சூர், காக்களூர் சிட்கோ, வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று திருவள்ளூர் மாவட்டத்தில் உணவுத் தொழில் செய்பவர்கள் பலவகை. பால் பதப்படுத்துவோர், இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுவோர், மசாலாவும் நொறுக்குத்தீனியும் செய்வோர், இறால் உரிப்போர், தொழிற்சாலை கேன்டீன்களுக்கு அண்டா அண்டாவாகச் சமைத்து அனுப்புவோர் என எல்லோருக்கும் பொதுவான ஒன்று, ஸ்டோர் ரூமில் நிற்கும் கிருமிநாசினி கேன். அதை ஊற்றிவிட்டால் பாக்டீரியா பற்றிய கவலை தீர்ந்தது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாட்டால் நோய் பரவி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த விடுதி இருந்தது நம் திருவள்ளூர் மாவட்டத்தில். சோதனைக்குப் போன உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையலறையில் எலி நடமாட்டத்தையும் மோசமான வடிகாலையும் கண்டு அதை மூடினார்கள். எலியையும் தேங்கிய சாக்கடையையும் எந்தக் கேனும் சரிசெய்யாது. கிருமிநாசினி என்பது கடைசிப் படி. முந்தைய படிகளில் விட்டதை அது ஈடுகட்டாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-இன் கீழ் 2011-இல் வந்த உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகளின் 4-ஆம் அட்டவணை, சுத்தம் பற்றிய கடமைகளைப் பட்டியலிடுகிறது. உரிமத்துக்கு அது போதும். ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நிமிடம் என்பதை ஆலை நடத்துபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு வேண்டியதை இந்த அத்தியாயம் தருகிறது.

லேபிள் சொல்லும் எண்

"99.9 சதவீதம் கிருமிகளைக் கொல்லும்" என்பது பெரிய எண்ணாகத் தெரியும். ஒரு சதுர சென்டிமீட்டரில் 10 லட்சம் பாக்டீரியா இருந்தால், 99.9 சதவீதம் போனபின் 1,000 மிஞ்சும். 99.999 சதவீதம் போனால் 10 மிஞ்சும். முன்னதை மூன்று லாக் குறைப்பு என்றும் பின்னதை ஐந்து லாக் குறைப்பு என்றும் ஆய்வகத்தில் சொல்வார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு ஒன்பதும் மிச்சத்தைப் பத்தில் ஒன்றாக்குகிறது.

இந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதும் முக்கியம். ஐரோப்பிய சோதனை முறைகளில் உணவுத் துறையில் பாக்டீரியாவுக்கு முக்கியமானவை இரண்டு. இ.என். 1276 முறையில் பாக்டீரியா திரவத்தில் மிதக்கும். அங்கே ஐந்து லாக் குறைப்பு வேண்டும். இ.என். 13697 முறையில் பாக்டீரியாவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் தடவிக் காயவைத்து, அதன்மேல் மருந்தை விடுவார்கள்; அங்கே நான்கு லாக் குறைந்தாலே தேர்ச்சி. தகட்டில் காய்ந்து ஒட்டிய பாக்டீரியா, மிதப்பதைவிடக் கடினமான எதிரி என்பதை இந்த வேறுபாடே சொல்லிவிடும். இரண்டிலும் பாக்டீரியாவுக்கு வழக்கமான நேரம் 5 நிமிடம். தகடோ வழுவழுப்பானது, புதியது. உங்கள் மேசையில் கத்திக் கீறல், வெல்டிங் மூட்டு, போல்ட் தலை எல்லாம் உண்டு. ஆகவே லேபிளில் உள்ளது அந்த மருந்தால் முடிந்த உச்சம். உங்கள் இடத்தில் கிடைப்பது அதற்குக் கீழேதான்.

ஆறு படிகள்

1. உலர் துப்புரவு. மேசை, கன்வேயர், அரவை இயந்திரம் ஆகியவற்றில் ஒட்டிய மாவு, இறால் ஓடு, மசாலாத் தூள் எல்லாவற்றையும் தண்ணீர் படாமல் வழித்து எடுங்கள்.

2. முதல் அலசல். பாலும் இறாலும் புரதம் நிறைந்தவை. முதலிலேயே கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரே போதும்.

3. சோப்புக் கழுவல். கொழுப்புக்கும் புரதத்துக்கும் காரச் சோப்பு. பால் குழாய்களில் படியும் வெள்ளைக் கல்போன்ற படிவுக்கு அமிலம். பெரிய பால் ஆலைகளில் ஏறக்குறைய 70 டிகிரி சூட்டில் காஸ்டிக் கரைசலையும், பிறகு நைட்ரிக் அமிலக் கரைசலையும் குழாய்க்குள் சுற்றவிடுவது இதற்காகத்தான். பிரஷ் போட்டுத் தேய்ப்பது இந்தப் படியில் கட்டாயம்.

4. இரண்டாம் அலசல். சோப்பு நுரை முற்றிலும் போகவேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

5. கிருமிநாசினி. சரியான அளவில், பரப்பு முழுவதும் நனைய, குறித்த நிமிடம்வரை ஈரம் காயாமல்.

6. வடியவிட்டு உலர்த்தல். லேபிளில் "அலசத் தேவையில்லை" என்று இல்லையென்றால் குடிநீர்த் தரத் தண்ணீரில் அலசிய பிறகு.

ஐந்தாம் படியில் எல்லோரும் சறுக்குவது நேரத்தில். மே மாதம், கத்திரி வெயில், தலைக்குமேல் மின்விசிறி ஓடுகிறது. ஸ்பிரே அடித்த படலம் இரண்டொரு நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தபின் மருந்துக்கு வேலை இல்லை. அந்த ஐந்து நிமிடம் விசிறியை நிறுத்துங்கள். காயத் தொடங்கினால் மறுபடி நனையுங்கள்.

மசாலா, நொறுக்குத்தீனி போன்ற உலர் ஆலைகளுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. சால்மோனெல்லா உலர்ந்த தூளில் பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் அதற்கு வேண்டிய ஈரத்தை நாமே கொடுத்தவர்கள் ஆவோம். உலர் பகுதியில் வாக்குவம், பிரஷ், பிறகு 70 சதவீத ஆல்கஹால். தண்ணீர் தவிர்க்க முடியாதபோது, கழற்றக்கூடிய பாகங்களை வேறு அறைக்கு எடுத்துச்சென்று கழுவி, எலும்புபோல் உலர்ந்த பிறகே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எந்த மருந்து எதற்கு

ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), பிளீச்சிங் பவுடர்: விலை குறைவு, பலவகை பாக்டீரியாவைக் கொல்லும், வேகமும் உண்டு. உணவு படும் பரப்புக்கு 100 முதல் 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை. அமெரிக்க விதிகளில் அலசாமல் விடக்கூடிய உச்ச அளவு 200. இறால் ஆலைகளில் கை முக்கும் தொட்டிக்கு 20 பி.பி.எம்., கால் முக்கும் தொட்டிக்கு 100 முதல் 200 வரை வைப்பது வழக்கம். குறை: அழுக்கு பட்டால் உடனே வலுவிழக்கும்; உலோகத்தை அரிக்கும்.

குவாட் (பென்சல்கோனியம் குளோரைடு வகை): மணம் இல்லை, அரிப்பு குறைவு, பரப்பில் சிறிது நேரம் தங்கி வேலை செய்யும். 200 முதல் 400 பி.பி.எம். லிஸ்டீரியாவுக்கு எதிராக நல்ல பெயர். ஆனால் சூடோமோனாஸ் போன்ற சில பாக்டீரியாவிடம் வலு குறைவு. சோப்பு மிச்சம் இருந்தால் அதோடு பிணைந்து செயலிழக்கும். நான்காம் படியின் காரணம் இதுதான். பருத்தித் துணியும் குவாட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தயிர் போடுபவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்: பாத்திரத்தில் தங்கிய குவாட் உறைக் கிருமியையும் கொல்லும், தயிர் உறையாமல் நிற்கும்.

பெராசெட்டிக் அமிலம்: குளிர் அறையிலும் வேலை செய்யும். அழுக்கைக் குளோரினைவிடச் சற்றுத் தாங்கும். வினிகர் அமிலம், நீர், ஆக்சிஜன் என்று பிரிந்துபோவதால் எச்சம் பற்றிய கவலை குறைவு. நெடி கடுமை. செம்பு, பித்தளை, சாதாரண இரும்பு ஆகியவற்றை அரிக்கும்.

70 சதவீத ஆல்கஹால்: உலர்ந்த, சுத்தமான பரப்புக்கு மட்டும். 100 சதவீதத்தைவிட 70 நன்றாக வேலை செய்யக் காரணம், புரதத்தை உறையச் செய்ய நீரும் வேண்டும் என்பதே. அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

சுடுநீர்: மருந்துக் கடையில் கிடைக்காத நல்ல மருந்து. கழற்றக்கூடிய சிறு பாகங்களை 77 டிகிரிக்குக் குறையாத நீரில் அரை நிமிடம் முழுக மூழ்கவைத்தால், ஸ்போர் (பாக்டீரியாவின் தாங்குசக்தி மிக்க உறக்க வடிவம்) அல்லாத பாக்டீரியாவுக்கு அது போதும். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஆவி வருவது அளவுகோல் ஆகாது.

பினாயில்: கழிப்பறையோடு நிற்கட்டும். உணவு படும் பரப்பில் அதன் மணம் உணவில் ஏறும். குளோரினோடு சேர்ந்தால் மணம் இன்னும் மோசம்.

அரிசியைக் கையாள்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியோடு ஸ்போர் வடிவில் வருகிறது. சமைத்தாலும் ஸ்போர் பிழைக்கும். குவாட்டும் ஆல்கஹாலும் அதைத் தொடாது. எலுமிச்சை சாதமும் தக்காளி சாதமும் அண்டாவில் கிளறி கேன்டீனுக்கு அனுப்புபவருக்குக் கிருமிநாசினியைவிடக் காப்பு, சோற்றைச் சூடாகவே வைப்பது அல்லது விரைவில் குளிரவைப்பது. இடைப்பட்ட வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் விடுவதுதான் ஆபத்து.

கலக்கும் கணக்கு

சூத்திரம் எளிது. வேண்டிய பி.பி.எம். × வேண்டிய லிட்டர் ÷ கேனின் பி.பி.எம். = ஊற்ற வேண்டிய லிட்டர். 10 சதவீதம் என்றால் 1,00,000 பி.பி.எம்.

திருப்பாச்சூரில் மாவு அரைக்கும் ஒரு சிறு ஆலை என்று வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் டிரம்மில் 200 பி.பி.எம். வேண்டும். கேன் 10 சதவீத ஹைப்போ. 200 × 50 ÷ 1,00,000 = 0.1 லிட்டர், அதாவது 100 மில்லி. பிளீச்சிங் பவுடர் என்றால், 30 சதவீதக் குளோரின் உள்ளதில் ஏறக்குறைய 33 கிராம். தனிப் பாத்திரத்தில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் டிரம்மில் சேர்க்க வேண்டும்.

இனி அதே கேன் தகரக் கூரை போட்ட ஸ்டோரில் கோடை முழுக்க இருந்தது என்று கொள்ளுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஹைப்போ சிதையும் வேகம் இரண்டு முதல் நான்கு மடங்காகும். 10 சதவீதம் 6 ஆகிவிட்டால், அதே 100 மில்லி தருவது 120 பி.பி.எம். மட்டுமே. வேலையாள் அளவு தப்பவில்லை, மேசையும் கழுவப்பட்டது, பதிவேட்டிலும் "200" என்று எழுதியாயிற்று. இந்தப் பொய்க் கணக்கைப் பிடிக்க வழி, கலக்கிய கரைசலில் குளோரின் சோதனைத் தாளை முக்கிப் பார்ப்பது. தாள் விலை அதிகமில்லை. கேன் வந்த தேதியை மார்க்கரில் எழுதி, நிழலில், தரையோடு வைத்து, பழையதை முதலில் தீருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வரும் அளவு வாங்கிக் குவிக்க வேண்டாம்.

அழுக்கு குளோரினைத் தின்பதை வேலையாட்களுக்குக் காட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு லிட்டர் 200 பி.பி.எம். கரைசலில் ஃப்ரீ குளோரின் தாளை முக்கிக் காட்டுங்கள். பிறகு இரண்டு குழிக்கரண்டி பால் ஊற்றிக் கலக்கி, சில நிமிடம் கழித்துப் புதிய தாளை முக்குங்கள். நிறம் வெளிறியிருக்கும். காலை ஷிப்டில் கலக்கிய பக்கெட்டில் மதியம்வரை அதே துணியை நனைத்து நனைத்துத் துடைத்தால் நடப்பதும் இதுவே. கரைசல் கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அளவைக் கூட்டினால் பலனும் அதே அளவுக்குக் கூடும் என்று எண்ண வேண்டாம். குளோரினின் கொல்லும் வடிவம் ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 6.5-இல் குளோரினில் ஏறக்குறைய 90 சதவீதம் அந்த வடிவில் இருக்கும், 7.5-இல் பாதி, 8.5-இல் பத்தில் ஒன்று. ஹைப்போவே காரத்தன்மை உடையது. அதிகம் ஊற்ற ஊற்ற பி.எச். ஏறும். அதற்காக அமிலம் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்கவே கூடாது. ஹைப்போவும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

நம் தண்ணீர்

இந்த மாவட்டத்தில் ஆலைகள் பலவும் போர் தண்ணீரை நம்பியவை. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது 1960-களின் இறுதியிலிருந்தே பதிவான செய்தி. கடின நீரில் சோப்பு நுரைக்காது, குவாட்டின் வலு குறையும், பரப்பில் சுண்ணப் படிவு உட்காரும். அந்தப் படிவின் சொரசொரப்பில் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். உப்பு நீர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளிப் புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். குளோரின் சேர்ந்தால் அது வேகமாகும்.

செய்ய வேண்டியவை: கடினத்தன்மை, உப்பு, பி.எச். மூன்றையும் ஆண்டுக்கு இரண்டுமுறை, கோடையில் ஒன்றும் மழை முடிந்து ஒன்றுமாகச் சோதியுங்கள். குவாட் கலக்க ஆர்.ஓ. அல்லது மென்னீர் பயன்படுத்துங்கள். வெள்ளைப் படிவு தெரிந்தால் அமிலக் கழுவல் செய்து, நன்றாக அலசிய பிறகே ஹைப்போ பக்கம் போங்கள். லாரித் தண்ணீர் என்றால் வரும் ஒவ்வொரு லோடையும் தனித் தண்ணீராக எண்ணிக் குளோரின் பாருங்கள்.

ஒளிந்திருக்கும் இடங்கள்

பாக்டீரியா ஒரு பரப்பில் நிலைத்துவிட்டால், தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான உறை ஒன்றைச் சுரந்துகொள்கிறது. உயிர்ப்படலம் என்பார்கள். விரலால் தடவினால் வழுக்கும். இந்தப் படலத்துக்குள் இருப்பவை, தனியே மிதப்பவற்றைவிடப் பல மடங்கு மருந்தைத் தாங்கும். மருந்து மட்டும் போதாது; பிரஷ் அதைக் கிழிக்க வேண்டும்.

2008-இல் கனடாவின் டொராண்டோவில் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் ஆலையிலிருந்து போன இறைச்சியால் லிஸ்டீரியா நோய் பரவி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துப்புரவே செய்யாத ஆலை அல்ல அது. இறைச்சி சீவும் இயந்திரத்தின் உள்ளே, வழக்கமான துப்புரவு எட்டாத ஆழத்தில் பாக்டீரியா தங்கியிருந்தது. லிஸ்டீரியா குளிர் அறையின் 4 டிகிரியிலும் பெருகக்கூடியது. ஆகவே குளிரில் வைத்தோம் என்ற நிம்மதி அங்கே செல்லாது.

உங்கள் ஆலையில் ஒரு காஸ்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். வெளிப்புறம் பளிச்சென்று இருக்கும். திருப்பினால் உலோகத்தில் அழுந்தியிருந்த ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் குழைந்து வரும். மோந்தால் புளித்த வாடை. கிருமிநாசினி ஒருநாளும் போகாத இடம் அது. இதேபோல் பார்க்கவேண்டியவை: கன்வேயர் பெல்ட்டின் அடிப்புறமும் மூட்டும், கீறல் விழுந்த பிளாஸ்டிக் வெட்டுப்பலகை, கிரைண்டர் கல்லின் துளைகளும் தண்டு நுழையும் இடமும், மேசைக் காலின் உள்ளீடற்ற குழாய், சுவிட்ச் பட்டன்கள், தரை வடிகால். வடிகாலுக்குத் தனி நிறப் பிரஷ் வையுங்கள். உயர் அழுத்தக் குழாயால் அதைக் கழுவினால் சாரல் மேலெழுந்து, கழுவி முடித்த மேசையில் விழும். வடிகாலை முதலில் முடித்து, இயந்திரத்துக்குக் கிருமிநாசினி கடைசியில்.

வேலையாட்களில் ஒடிசா, பீகார், அஸ்ஸாம் ஆட்கள் இருந்தால் தமிழில் மட்டும் எழுதி ஒட்டிய அட்டை பயன்படாது. அளவுக் குவளையைக் கேனோடு சங்கிலியிட்டுக் கட்டி, கோடு போட்டு, படத்தோடு அவரவர் மொழியிலும் எழுதுங்கள். கையுறை, கண்ணாடி, ஏப்ரன் இல்லாமல் யாரும் கேனைத் திறக்கக் கூடாது. தண்ணீரில்தான் மருந்து, மருந்தில் தண்ணீர் அல்ல.

சரிபார்ப்பது

கண், மூக்கு, விரல்: தினமும், டார்ச் அடித்து.

சோதனைத் தாள்: ஒவ்வொரு கலவைக்கும்.

ஏ.டி.பி. மீட்டர்: சில வினாடிகளில் எண் காட்டும். அது அளப்பது உணவு எச்சமும் உயிரணுவும் சேர்ந்த அழுக்கை. பாக்டீரியாவை மட்டும் அல்ல. கிருமிநாசினிக்கு முன், அலசிய பரப்பில் பயன்படுத்துங்கள்.

ஸ்வாப்: 10க்கு 10 சென்டிமீட்டர் சட்டம் வைத்து, நனைத்த பஞ்சை இடவலமாகவும் மேல்கீழாகவும் உருட்டித் தேய்த்து, குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்கு. குளோரின் போட்ட பரப்பென்றால் ஸ்வாப் குழாயில் சோடியம் தயோசல்பேட், குவாட் என்றால் லெசித்தினும் ட்வீன் 80-உம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சோடு போன மருந்து வழியிலேயே பாக்டீரியாவைக் கொன்று, உங்களுக்குப் பொய்யான நல்ல முடிவைத் தரும். லிஸ்டீரியா தேடுபவர்கள் காலையில் மட்டும் எடுக்கக் கூடாது. இயந்திரம் இரண்டு மூன்று மணி நேரம் ஓடியபின் எடுங்கள். அதிர்வில் உள்ளிருப்பது வெளியே வந்திருக்கும்.

முடிவு மோசமாக வந்தால்

பலரும் உடனே வேறு பிராண்டு வாங்குகிறார்கள். தேட வேண்டிய வரிசை வேறு.

1. அந்த இயந்திரத்தில் கழற்றாமல் விட்ட பாகம் உண்டா?
2. சோப்பும் பிரஷ்ஷும் அங்கே போனதா?
3. சோப்பு முற்றிலும் அலசப்பட்டதா?
4. கரைசலின் பி.பி.எம்., கேனின் தேதி, தண்ணீரின் பி.எச். சரியா?
5. முழு நேரமும் ஈரமாக இருந்ததா?
6. கழுவியபின் தொட்ட கை, துணி, சாரல் எது?
7. மருந்தே பொருந்தவில்லையா?

பெரும்பாலும் முதல் ஆறுக்குள் விடை கிடைத்துவிடும். ஏழாவதுக்கே போகவேண்டி வந்தால், விற்பனையாளரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: பரப்புச் சோதனையில் எத்தனை லாக் குறைந்தது, அழுக்கு சேர்த்தா சேர்க்காமலா, எத்தனை நிமிடத்தில், எவ்வளவு கடின நீரில்? நான்குக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் வாங்காதீர்கள். தருபவரிடம் வாங்கினாலும், முதல் மாதம் பழைய மருந்தையும் புதியதையும் ஒரேமாதிரியான இரண்டு மேசைகளில் தனித்தனியே ஓட்டி, ஸ்வாப் முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தபிறகே முழு ஆலைக்கும் மாற்றுங்கள்.